சாம்பாரில் எத்தனை கிராம் பருப்பு?

மதிய இடைவேளையில் அலுவலக மேஜையில் டிபன் பாக்ஸ்கள் திறக்கின்றன. ஒன்றில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். இன்னொன்றில் புளியோதரை, அப்பளம். மூன்றாவதில் சாம்பார் சாதத்தோடு இரண்டு ஸ்பூன் பீன்ஸ் பொரியல். இந்த மூன்றாமவர்தான் அங்கே ‘ஹெல்தியா சாப்பிடுறவர்’ என்று பெயரெடுத்தவர்!

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் திருத்தி வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பார்த்தால் அந்தப் பெயர் நிலைக்காது. 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு ஒரு நாளைக்குச் சமைக்காத எடையில் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி என்கிறது அது. காலை இட்லி, மதியச் சோறு, ராத்திரி தோசை எல்லாம் அந்த 250 கிராமுக்குள் அடங்க வேண்டும். அரிசியைவிடக் காய் அதிகம் என்பதைக் கேட்டால் எந்த வீட்டிலும் ஒருமுறை சிரிப்பார்கள்.

சாம்பார் இருக்கிறதே, அதில் புரதம் இல்லையா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாராளமான கைதான். ஆளுக்கு 25 கிராம் வருகிறது. அதில் புரதம் ஐந்தரை கிராம் தேறும். ஒரு முட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். அரிசியிலும் கொஞ்சம் கிடைக்கும், உண்மை. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காகத் தட்டு நிறையச் சோறு சாப்பிட வேண்டியிருக்கிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் பலர் செய்யும் முதல் காரியம், ராத்திரி சப்பாத்திக்கு மாறுவது. கோதுமையும் தானியம்தான். நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டுவிட்டு ‘சோத்தையே விட்டுட்டேன்’ என்பவருக்கு மாவுச்சத்து ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த அலுவலகக்காரர்களின் டிபன் பாக்ஸைவிட அரசுப் பள்ளிப் பிள்ளையின் தட்டு மேல். காமராஜர் காலத்தில் 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோதும், எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரிவாக்கியபோதும் முதல் கவலை பசிதான். முட்டை பின்னால் வந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, இப்போது வாரத்தில் ஐந்து நாள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். கொண்டைக்கடலை, பச்சைப்பயறும் உண்டு. பசியாற்றினால் போதும் என்று ஆரம்பித்தது, தட்டில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்கும் இடத்துக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பெரியவர்களின் தட்டைப் பற்றி அப்படி யாரும் கேட்கவில்லை.

அந்தத் தட்டைச் சரிசெய்யக் குயினோவாவும் ஆலிவ் எண்ணெயும் தேடி அலைய வேண்டாம். கூட்டு, கீரை மசியல், சுண்டல் எல்லாம் நம் அடுப்பில் ஏற்கெனவே ஏறுபவை. ஸ்பூனில் பரிமாறுவதைக் கரண்டியில் பரிமாறினால் பாதி வேலை முடிந்தது. இவற்றிலும் பருப்பு உசிலிக்குத் தனி மதிப்பெண் தரலாம். துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் ஊறவைத்து, மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, கொத்தவரங்காயோடு வதக்குகிறார்கள். காயும் பருப்பும் ஏறக்குறைய சரிபாதி. நாலு பேருக்கு இன்னொரு 100 கிராம் பருப்பு அதில் போனால், அன்றைய பருப்புக் கணக்கு இரட்டிப்பாகிவிடும். அரைக்கவும் ஆவி கட்டவும் வேலை நாளில் நேரம் இருக்காது என்பது நியாயமான புகார்தான். அன்றைக்குச் சாம்பாரில் இன்னொரு பிடி பருப்பைச் சேர்த்துப் போடலாம்; கொஞ்சம் கெட்டியாக இருக்கும், யாரும் குறை சொல்லப் போவதில்லை.