தைலந்தோப்பும் பெண்ணையாறும்

சென்ற இதழில் ஊருக்குச் செல்லும் வண்டிகளில் முன்பதிவு செய்வது பற்றி எழுதியிருந்தேன். இத்திங்கள் மரம் வெட்டுவதைப் பற்றி எழுதப் போகிறேன். சரக்கு அலுவலகத்தில் எடைக் கணக்கு எழுதும் எழுத்தனுக்கு மரத்தோடு என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கலாம். உறவு உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அத்தகைய உறவு ஒன்று இருக்கும் என்று எண்ணுவதாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணைக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். பெண்ணையாறு பாயும் பக்கம்தான். ஆயினும் எங்கள் மேட்டு நிலத்துக் கிணறு வற்றியது. கிணறு வற்றியபின் உழவனுக்கு ஊரில் என்ன வேலை? 1978இல் இரயில்வேயில் இருப்புப் பாதைத் தொழிலாளியாகச் சேர்ந்து பெங்களூருக்கு வந்தார். பதினெட்டு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், ஒசகோட்டை வட்டத்தில், தேவனகொந்தி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் 2 ஏக்கர் புன்செய் நிலம் வாங்கினார். அவர் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ந்து நான் கண்டதில்லை என்று என் தாயார் இன்றும் சொல்வார்.

நான்கு ஆண்டுகள் கேழ்வரகு விதைத்துப் பார்த்தார். இரவில் பாதைக் காவல், பகலில் உறக்கம். களை எடுக்கக் கூலியாள் வந்தாரா, கதிரை ஆடு மேய்ந்ததா என்று பார்க்க ஆள் இல்லை. ஆண்டுதோறும் இழப்பே மிஞ்சியது. பலரும் அவருக்கு ஒரே வழியைக் கூறினர். "தைல மரம் நடுங்கள். ஆடு தின்னாது, காவல் வேண்டாம், நீர் ஊற்ற வேண்டாம், எட்டாவது ஆண்டில் பணம்." 2001ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வரிசை வரிசையாகக் கன்றுகள் நடப்பட்டன. கயிறு பிடித்து வரிசை நேராக்கியவன் நான். அப்போது எட்டாம் வகுப்பு மாணவன்.

இன்று எண்ணிப் பார்க்கையில், தைல மரம் ஊரில் இல்லாதவனின் பயிர் என்றே தோன்றுகிறது. ஓசூர்ப் பக்கத்திலும், மாலூர்ப் பக்கத்திலும், தாய்நாட்டு ஊர்களிலும் நம்மவர் வாங்கிய நிலங்களிலும் விட்டு வந்த நிலங்களிலும் இம்மரம் நிற்பதற்கு, நாம் அங்கே இல்லை என்பதைவிடப் பெரிய காரணம் வேண்டுவதில்லை.

எங்கள் தோப்பின் முதல் வெட்டு 2009இல் நடந்தது. கோடரியும் கைரம்பமும் கொண்டு பதினெட்டு நாள் வெட்டினர். இரண்டாம் வெட்டு 2017இல். மூன்றாம் வெட்டு 2025 மாசித் திங்களில். இம்முறை இயந்திர ரம்பம் இரண்டு, ஆட்கள் அறுவர், நான்கே நாளில் தோப்பு முழுவதும் தரையில் கிடந்தது.

வெட்ட வந்தவர்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர்கள். பெட்ரோலில் ஓடும் அந்த ரம்பத்தை அவர்கள் ‘மெஷின்’ என்றே சொல்கின்றனர். நீண்ட தகடு ஒன்றைச் சுற்றிப் பல் கோத்த சங்கிலி ஓடுகிறது. அதன் ஓசையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்பதில்லை. மேஸ்திரி எனக்கு முறையை விளக்கினார். மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் வாய் வெட்ட வேண்டும்; அது அடிமரத்தின் கால் பங்கு ஆழம் இருந்தால் போதும். பிறகு மறுபக்கத்தில் சற்று உயரத்திலிருந்து அறுத்து வர வேண்டும். இரண்டு வெட்டுக்கும் நடுவே விரற்கடை அளவு மரத்தை அறுக்காமல் விட வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படியே மரத்துக்கு அந்த மிச்சம். அதுதான் விழும் மரத்தை வழிநடத்துகிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பப்படி விழும்.

வரிசைத் தோப்பில் ஓரத்து வரிசையில் தொடங்கி, வெட்டவெளிப் பக்கமாகவே சாய்க்க வேண்டும். உள்ளே தொடங்கினால் ஒரு மரம் மற்றொன்றின் கிளையில் சிக்கித் தொங்கும். அதனடியில் செல்பவர் உயிருக்கு உறுதியில்லை. தகட்டின் முனை கட்டையில் பட்டால் ரம்பம் துள்ளி, பிடித்திருப்பவர் முகத்தை நோக்கியே திரும்பும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவில் நிற்க வேண்டும்.

இவ்வளவையும் தெளிவாகச் சொன்ன மேஸ்திரியின் தலையில் ஒரு துண்டு மட்டுமே இருந்தது. ரம்பம் பிடித்த இளைஞர் இரப்பர்ச் செருப்பு அணிந்திருந்தார். தலைக்கவசமும் காலணியும் வியாபாரியின் பொறுப்பு என்று எண்ணி நான் வாயடைத்து நின்றேன். நல்லவேளையாக ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. நேர்ந்திருந்தால், நிலம் எங்களுடையது. கேட்க வேண்டியவன் நானே. அன்பர்கள் யாரேனும் மரம் வெட்ட நேர்ந்தால், விலை பேசும்போதே இதையும் பேசிவிடுக.

வேறொரு பாடமும் உண்டு. வியாபாரியிடம் டன் கணக்கில் விலை பேசியிருந்தேன். மரம் வெட்டி முடிந்ததும் லாரி வரும் என்றார். ‘இன்று, நாளை’ என்று பன்னிரண்டு நாள் கழித்தே வந்தது. பச்சை மரம் வெட்டிய நாளிலிருந்தே ஈரம் இழந்து எடை குறையும். பட்டை உரித்துப் போட்டால் இன்னும் விரைவாகக் குறையும். நாள்தோறும் பிறர் சரக்கின் எடையைப் பதிவேட்டில் எழுதும் நான், என் சரக்கின் எடை மாசி வெயிலில் கரைவதைக் கவனியாமல் இருந்துவிட்டேன். வெட்டிய எத்தனை நாளுக்குள் எடை போட வேண்டும் என்பதை எழுதி வாங்காதது என் பிழை.

வெட்டு முடிந்த மாலை, பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து வரப்பில் நின்றார். அவர் கன்னடர், என் தந்தையாரை ‘அண்ணா’ என்று அழைப்பவர். சற்று நேரம் பேசாமல் பார்த்திருந்துவிட்டு, "மறுபடியும் இங்கிருந்து ரயில் போவது தெரிகிறது" என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "அடிக்கட்டைகளை என்ன செய்யப் போகிறீர்கள்?"

அக்கேள்வியின் பொருள் எனக்குத் தெரியும். தைல மரத்தை வெட்டினால் அது சாவதில்லை. கட்டையிலிருந்து மறுதாம்பு விடும். வேர் முன்பே ஆழம் சென்றிருப்பதால் துளிர் வேகமாக வளரும். பெரியவருடைய திறந்த கிணறு வற்றி ஆண்டுகள் பல ஆகின்றன. அதன்பின் அவர் போட்ட ஆழ்துளைக் கிணறுகள் இரண்டும் பொய்த்தன. எங்கள் வரப்பை ஒட்டிய அவர் வயலில் இருபது அடி அகலத்துக்குக் கேழ்வரகு சரியாக வளர்ந்ததே இல்லை. இதையெல்லாம் அவர் எங்களிடம் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் என்னைச் சுட்டது.

இது வெறும் ஐயமா, உண்மையா என்று அறிய விரும்பினேன். எங்கள் ஒசகோட்டையிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கால்டர் என்னும் ஆங்கிலேய நீரியல் அறிஞரும் கர்நாடக வனத்துறையினரும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 1997இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகளில் அங்கே பெய்த மழை சுமார் 2100 மில்லிமீட்டர். அங்கிருந்த தைல மரங்கள் எடுத்த நீரோ சுமார் 3400 மில்லிமீட்டர். மழை தராத மிச்சத்தை மரங்கள் ஆழ்மண்ணில் முன்னோர் காலத்திலிருந்து தங்கியிருந்த ஈரத்திலிருந்து எடுத்தன. நியாயமாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மண் ஆழம் குறைந்த வேறு இடங்களில், தைல மரம் இயற்கைக் காட்டு மரங்களைவிட மிகுதியாக நீர் எடுக்கவில்லை என்றும் அதே அறிஞர்கள் கண்டனர். ஆனால், கேழ்வரகோடு ஒப்பிட்டால் எங்கும் இரு மடங்கு அளவு எடுக்கிறது. மரத்தைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. ஆழ்ந்த செம்மண்ணும் குறைந்த மழையும் உள்ள இடத்தில் நெருக்கமாக வரிசை கட்டி நட்டதே பிழை.

இதை மக்கள் முன்பே உணர்ந்திருந்தனர். 1983இல் தும்கூர் மாவட்டத்து உழவர்கள் வனத்துறை நாற்றங்காலுக்குள் சென்று தைலக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்து, புளி, மா விதைகளை ஊன்றினர். அரசு 2017இல் தைல மரம் புதிதாக வளர்ப்பதற்குத் தடை விதித்தது.

என் மனத்தை மிகுதியும் வருத்தியது வேறொரு செய்தி. எங்கள் தோப்புக்கு அருகே ஒசகோட்டை வழியாகச் செல்லும் தட்சிண பினாகினி எது? நம் தென்பெண்ணைதான். நந்தி மலைப் பக்கம் தோன்றி, ஒசகோட்டை ஏரியைக் கடந்து, ஓசூர் அருகே தமிழ்நாட்டில் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைத் தாண்டி எங்கள் சாத்தனூருக்கு வருகிறது. அந்த நந்தி மலையில்தான் திப்பு சுல்தான் காலத்தில், 1790 அளவில், இம்மரம் இந்நாட்டில் முதன்முதலாக நடப்பட்டது என்பர். கீழே ஆற்றோரத்தில் கிணறு வற்றியதால் ஊரைவிட்டு வந்தவர் என் தந்தையார். மேலே அதே ஆற்றின் நீர்ப்பரப்பில், நிலத்தடி நீரைக் குடிக்கும் மரத்தைக் கயிறு பிடித்து நட்டோம் நாங்கள். பெண்ணையாற்று நீருக்காக இரு மாநிலங்களும் உச்சநீதிமன்றத்தில் வாதிட்டன. எங்கள் 2 ஏக்கரைப் பற்றி எந்த மன்றத்திலும் வழக்கு இல்லை. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் நாங்களே.

தந்தையாரிடம் பேசினேன். அவருக்குச் சினம் வந்தது. "நான் புதிதாக நட்டேனா? தானாகத் துளிர்க்கிறது. அடுத்த வெட்டு உன் தங்கை மகன் கல்லூரிக்கு ஆகும்" என்றார். சற்றுப் பொறுத்து, "அவள் திருமணத்தை நடத்தியதே இந்த மரம்தான். அதைப் பழித்துப் பேசாதே" என்றார். அவர் சொன்னது உண்மை. இரண்டாம் வெட்டின் பணம் இல்லையேல் 2017இல் நாங்கள் கடனாளியாகியிருப்போம். "மரத்தைப் பழிக்கவில்லை அப்பா. நம் கிணறு வற்றியபோது மேலே யாராவது இப்படி நட்டிருந்தால் நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன்" என்றேன். அவர் விடை சொல்லாமல் எழுந்து சென்றுவிட்டார்.

மூன்று நாள் கழித்து அவரே ஒரு முடிவு சொன்னார். பெரியவர் நிலத்தை ஒட்டிய ஒரு ஏக்கரில் கட்டைகளைப் பெயர்த்துவிடலாம். மற்றொன்று இன்னும் ஒரு வெட்டுக்கு நிற்கட்டும். நான் முழுவதையும் விரும்பினேன், பாதி கிடைத்தது. குடும்பத்தில் பாதி கிடைப்பதே பெரிது. ஜேசிபி வைத்து இரண்டு நாள் தோண்டினோம். மரம் விற்ற பணத்தில் கணிசமான பகுதி அதற்கே சென்றது. வரப்பில் நின்ற பழைய நாவல் மரத்தையும் சேர்த்துத் தருமாறு வியாபாரி கேட்டிருந்தார், தந்தையார் மறுத்துவிட்டார். அன்பர்கள் அறிந்துகொள்க: தைலம், சவுக்கு, தென்னை முதலிய சிலவற்றுக்கு 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு. விலக்குப் பட்டியலில் இல்லாத மரம் சொந்த நிலத்தில் நின்றாலும், வனத்துறையில் விண்ணப்பித்து அனுமதி பெற்றே வெட்ட வேண்டும்.

திருத்திய நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆள்? இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களைத் தைல மரத்திடம் தள்ளிய அதே கேள்வி. விடை வரப்புக்கு அப்பாலேயே இருந்தது. பெரியவரிடம் வாரத்துக்குக் கேட்டோம்; ஒப்புக்கொண்டார். ஆடியில் கேழ்வரகும் ஊடே அவரையும் விதைத்தார். பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. இத்தனை ஆண்டுகள் அருகில் இருந்தும் அவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை. வேற்றூரில் வாழ்பவர்க்கு நிலத்தை வாங்கத் தெரிந்த அளவு, அண்டை நிலத்தாரை நம்பத் தெரிவதில்லை போலும்.

அவர் கிணற்றில் நீர் ஊறிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஊறவில்லை. ஆழத்தில் இழந்த ஈரம் ஒரு மழைக்காலத்தில் திரும்புவதில்லை. ஆனால், வரப்போரத்து இருபது அடியிலும் இவ்வாண்டு கேழ்வரகு கதிர் வாங்கியது. கார்த்திகையில் எங்கள் பங்காக வந்த மாவில் என் தாயார் களி கிண்டினார்.

தந்தையார் இப்போது ஞாயிறுதோறும் காலை வண்டியில் தேவனகொந்தி செல்கிறார். பெயர்த்த நிலத்தில் மண்ணுக்குள் தங்கிய கட்டைத் துண்டுகளிலிருந்து அங்கங்கே தைலத் துளிர் எட்டிப் பார்க்கும். அவற்றை ஒடிப்பதற்குத்தான் செல்கிறார். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, பெரியவர்தான் சொன்னார்.

தம் பெயரில் தைலந்தோப்பு வைத்திருக்கும் அன்பர்கள், அடுத்த முறை வெட்டு முடிந்து மறுதாம்பு விடுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்று வருக. விலையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் பக்கத்து நிலத்தாரின் கிணற்றை எட்டிப் பார்த்து வருக.