சிறு கொட்டகைகளின் ஐக்கியம்

கொள்ளைநோய்க் காலத்தில் கூட்டம் கூடக் கூடாது என்பதை நாம் மறுக்கவில்லை. உயிர்தான் பெரிது. ஆனால் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் தொழிலை மூடச் சொல்கிற சர்க்கார், மூடிய நாட்களின் கூலிக்கும் வாடகைக்கும் என்ன வழி சொல்கிறது? 2020ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது நாட்டுக்கு நாடு இக்கேள்வி எழுந்தது. ஜப்பானின் சிறு சினிமாக் கொட்டகைகள் இதற்குக் கண்ட பதிலை மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அறிந்துகொள்வது அவசியம். அதில் ஐக்கியத்தின் பலமும் தெரிகிறது. அந்த ஐக்கியத்தில் இருந்த குறையும் தெரிகிறது.

கொரோனாவுக்கு முந்திய ஆண்டில் ஜப்பானில் 3,500க்கு மேற்பட்ட சினிமாத் திரைகள் இருந்தன. அவற்றில் பத்துக்கு எட்டுக்கு மேல், ஒரே கட்டிடத்தில் பல திரைகள் கொண்ட பெரிய கொட்டகைகளில் இருந்தன. தோஹோ, ஷோச்சிகு, தோயெய் ஆகிய பெரிய கம்பெனிகள் படத்தையும் எடுக்கின்றன, விநியோகத்தையும் செய்கின்றன, தங்கள் குழுமத்தின் மூலம் கொட்டகையையும் நடத்துகின்றன. இந்த யானைகளின் காலடியில் பிழைத்து வந்தவை 'மினி தியேட்டர்' எனப்படும் சிறு கொட்டகைகள். பெரும்பாலும் இருநூறு பேருக்கு மேல் உட்கார இடமிராது. பெரிய கம்பெனிகள் தொடாத அயல்நாட்டுப் படங்கள், உண்மைச் செய்திப் படங்கள், பேர் தெரியாத இளம் டைரக்டர்களின் முதல் படங்கள் இவற்றுக்கெல்லாம் அங்கேதான் இடம் கிடைத்தது. இவ்வகைக் கொட்டகைகளுக்கு முன்னோடி டோக்கியோவின் இவனாமி ஹால். 1974ல் அங்கே இந்த இயக்கம் தொடங்கியபோது முதலில் திரையிட்ட படம் நம் நாட்டு சத்யஜித் ராயின் 'அபுர் சன்சார்'.

2020 ஏப்ரல் 7ந் தேதி டோக்கியோ, ஒசாகா உள்ளிட்ட ஏழு பிரதேசங்களில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 16ந் தேதி நாடு முழுவதற்கும் அது விரிந்தது. அப்போதைய சட்டப்படி, கொட்டகைகளை மூடும்படி சர்க்கார் 'வேண்டுகோள்' விட்டது. இந்தச் சொல்லைக் கவனியுங்கள்! உத்தரவு போட்டால் நஷ்டஈடு கேட்பார்கள். வேண்டுகோள் என்றால், நீயாகத்தானே மூடினாய் என்று கையை விரித்துவிடலாம். மூடாவிட்டால் ஊர் பழிக்கும். மூடினால் வயிறு காயும். 'மூடச் சொன்னால் ஈடும் கொடு' என்ற குரல் அந்நாட்டு மக்களிடையே ஓங்கி எழுந்ததில் வியப்பில்லை.

இந்நிலையில் சிறு கொட்டகைகள் தனித்தனியே பிச்சைப் பாத்திரம் ஏந்தவில்லை. நாள்தோறும் ரசிகர்களுக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டவை ஒன்றுசேர்ந்தன. ஒசாகா, கியோட்டோ, கோபே நகரங்கள் அடங்கிய கான்சாய் வட்டாரத்தில் 13 கொட்டகைகள் கூடி, 'உள்ளூர்க் கொட்டகைகளைக் காப்போம்' என்ற கோஷத்துடன் ஒரே பனியனை விற்றுப் பொதுவில் பணம் திரட்டின. சினிமாக்காரர்களும் ரசிகர்களும் 66,000க்கு மேற்பட்ட கையெழுத்துக்களுடன் நிவாரணம் கோரும் மகஜரை ஏப்ரல் 15ந் தேதி சர்க்காரிடம் கொடுத்தனர்.

அதே வாரத்தில், ஏப்ரல் 13ந் தேதி, டைரக்டர்கள் கோஜி ஃபுகாடா, ரியூசுகே ஹமாகுச்சி முதலானோர் நாடு தழுவிய பொது நிதி ஒன்றைத் தொடங்கினர். குறி 10 கோடி யென். மூன்றே நாளில் அது எட்டப்பட்டது. ஒரு மாதத்தில் 33 கோடி யென் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஏறத்தாழ 30,000 பேர். பல டைரக்டர்கள் தங்கள் படங்களை நன்கொடையாளர் வீட்டிலிருந்தே பார்க்கும்படி அளித்தனர். கொட்டகை திறந்தபின் பார்ப்பதற்கான டிக்கெட்டை ரசிகர்கள் முன்கூட்டியே வாங்கினர். பெயர் பெற்ற கொட்டகை, பெயர் பெறாத கொட்டகை என்ற பேதமின்றி 118 கொட்டகைகள் அந்நிதியில் இடம்பெற்றன. நிர்வாகம் ஒன்றுக்குச் சராசரி 30 லட்சம் யென் கிடைத்தது. தனியே கேட்டிருந்தால் டோக்கியோவின் பிரபல கொட்டகைக்குப் பணம் குவிந்திருக்கும். கிராமப்புறச் சிறுநகரில் இருந்த ஒரே கொட்டகை கேட்பாரற்று மூடியிருக்கும். பொதுவில் கேட்டதால் இரண்டும் பிழைத்தன. வேலைநிறுத்த நிதியைப் பொதுவில் வைத்துப் பங்கிட்ட தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலாவது, மக்களின் நன்கொடை சர்க்காரின் கடமைக்கு ஈடாகாது. மே மாதம் முதல் சிறு கம்பெனிகளுக்கு 20 லட்சம் யென் வரை சர்க்கார் மானியம் வழங்கியது உண்மை. அது ஒரு முறைத் தொகை. நோயோ ஆண்டுக் கணக்கில் நீடித்தது. ரசிகன் எத்தனை முறை மடியை அவிழ்ப்பான்? முன்னோடியான இவனாமி ஹாலே, கொரோனாவால் வருமானம் சரிந்து, 2022 ஜூலை 29ந் தேதி நிரந்தரமாகக் கதவடைத்தது. 1968ல் திறந்த அரங்கம் அது.

இரண்டாவது, கொட்டகை என்பது நாற்காலியும் திரையும் மட்டுமல்ல. டிக்கெட் கொடுப்பவர், படம் ஓட்டும் ஆபரேட்டர், கூட்டிப் பெருக்குபவர், மணிக்கணக்கில் கூலி வாங்கும் இளைஞர் எல்லாரும் சேர்ந்ததுதான் கொட்டகை. சிறு கொட்டகைகளுக்காக நாடே உருகிய அதே 2020ல், ஜூன் மாதத்தில், டோக்கியோவின் சிறு கொட்டகை ஒன்றில் வேலை பார்த்தவர்கள், தங்களை அவமதித்துக் கொடுமைப்படுத்தினார் என்று அதன் தலைவர் மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கு அவ்வாண்டிலேயே சமரசத்தில் முடிந்தது. எனினும் அது எழுப்பிய கேள்வி முடியவில்லை. பெரிய கம்பெனியை எதிர்த்து நிற்பதால் மட்டும் சிறு முதலாளி நல்ல முதலாளி ஆகிவிடுவதில்லை. கொட்டகையைக் காக்கத் திரட்டும் பணத்தில் வேலைக்காரனின் கூலிக்கு முதல் உரிமை இருக்க வேண்டும். கணக்கைப் பார்க்கும் உரிமையும் அவனுக்கு இருக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் 2020 மார்ச்சில் மூடிய கொட்டகைகள் நவம்பர் 10ந் தேதிதான் திறந்தன; அதுவும் பாதி இருக்கைகளுடன். இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு மாதம் டிக்கெட் கிழிப்பவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? சைக்கிள் ஸ்டாண்டுக்காரரும் முறுக்கு விற்றவரும் எதைத் தின்றார்கள்? கொட்டகைக்கு இது பொருந்துமென்றால் மில்லுக்கும் வயலுக்கும் பொருந்தும்.

எனவே நாம் சொல்வது இதுதான். அடுத்த கொள்ளைநோய் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. மூடும் நாளிலேயே கூலியும் வாடகையும் கிடைக்கச் சட்டம் இப்போதே வேண்டும். வாசலில் நிற்கும் காவலாளி வரை ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் இப்போதே ஏற வேண்டும். நோய் வந்தபின் உண்டியல் ஏந்துவது மனிதத்தன்மை. நோய் வருமுன் உரிமையை எழுதி வாங்குவது ஸ்தாபன பலம். அந்தப் பலத்தைத் திரட்டுவோம்!