ஒரு மாத்திரை, இரு மருந்து

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரவருணி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலியை அடைகிறது. இந்த ஆற்றங்கரை ஊர்களில் வயல் வேலைக்குச் செல்வோரும், பீடித் தட்டுடன் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் பெண்களும் ஏராளம். உடல்நலம் குன்றினால் மட்டுமே மருத்துவரை நாடுவது பலரின் வழக்கம். உயர் ரத்த அழுத்தமோ எந்த அறிகுறியும் காட்டாமல் இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் சிதைக்கக்கூடியது.

தமிழகத்தில் 2020-இல் நடத்தப்பட்ட ஆய்வின்படி, வயதுவந்தோரில் 33.9% பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உள்ளது. அவர்களில் 7.3% பேருக்கு மட்டுமே அது கட்டுப்பாட்டில் இருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. எந்த மாத்திரையைக் கொடுப்பது என்பதே அடுத்த கேள்வி.

ஒரு மருந்தில் தொடங்கி, அளவைக் கூட்டி, பிறகு இன்னொன்றைச் சேர்ப்பது வழக்கமான முறை. ஒவ்வொரு படிக்கும் நோயாளி மீண்டும் மருத்துவமனைக்கு வர வேண்டும். ஒருநாள் கூலியை இழக்க முடியாதவர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார். வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரு மருந்துகளைக் குறைந்த அளவில் இணைத்தால் பலன் கூடும். ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட இது சுமார் 5 மடங்கு அதிக பலன் தரும் என்பதை 42 ஆய்வுகளைத் தொகுத்த 2009-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை காட்டியது. அம்லோடிபினால் வரும் கால் வீக்கம்கூட, டெல்மிசார்டன் போன்ற மருந்துடன் சேரும்போது குறைகிறது.

உலக சுகாதார நிறுவனம் இத்தகைய கூட்டு மாத்திரைகளை 2019-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 32 மையங்களில் 1,981 பேரிடம் நடந்த 'டாப்ஸ்பின்' ஆய்வில் மூன்று வகைக் கூட்டு மாத்திரைகள் ஒப்பிடப்பட்டன. மூன்றும் ஏறக்குறைய சமமான பலனைத் தந்தன. 6 மாதங்களில் சுமார் 70% பேருக்கு ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தது. தொடர் கண்காணிப்பில் கிடைத்த இந்த விகிதம் கிராமத்தில் அப்படியே கிடைக்காது. ஆயினும் பாதை தெளிவு.

கூட்டு மருந்து என்றாலே ஐயம் எழுவதற்குக் காரணம் உண்டு. அறிவியல் அடிப்படையற்றவை என 344 கூட்டு மருந்துகளுக்கு மத்திய அரசு 2016-இல் தடை விதித்தது. முறையாகச் சோதிக்கப்பட்ட ரத்த அழுத்த மாத்திரைகளை அவற்றோடு சேர்த்துப் பார்ப்பது சரியல்ல. அதேவேளையில், இது எல்லோருக்கும் பொருந்தும் மாத்திரையும் அல்ல. டெல்மிசார்டன், பெரிண்டோபிரில் போன்றவை கர்ப்பிணிகளுக்குக் கூடாது. தளர்ந்த முதியோருக்குத் தலைச்சுற்றல் வரலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளோருக்கு ரத்தப் பரிசோதனை அவசியம்.

எனவே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பரிசோதித்து, தகுதியானவர்களுக்கு முதல் நாளிலேயே ஒரே கூட்டு மாத்திரையை எழுதித் தர வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதை மொத்தமாகக் கொள்முதல் செய்து தடையின்றி வழங்க வேண்டும். வீடு தேடிச் செல்லும் பெண் தன்னார்வலர், மாத்திரையைத் தருவதோடு ரத்த அழுத்தத்தையும் அளந்து, அது குறையாதவர்களை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

திட்டத்தின் வெற்றியை விநியோகித்த மாத்திரைகளின் எண்ணிக்கை காட்டாது. 7.3% என்ற அந்த எண் எவ்வளவு உயர்ந்தது என்பதே அதற்கு அளவுகோல்.