உவர்நீரிலும் நுளம்பு பெருகும்: வாவிக்கரைக்கு வந்து சேராத ஆய்வு

டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் பெருகும். பாடசாலையில் படித்ததும், துண்டுப்பிரசுரங்களில் பார்த்ததும் இதைத்தான். கடற்கரையிலும் வாவிக்கரையிலும் வாழ்பவர்களுக்கு இது முழு உண்மையல்ல என்பதை எமது பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் வவுணதீவில் நான் பேசிய மீனவர் ஒருவர் இன்றும், "தம்பி, டெங்கு நல்ல தண்ணியிலதானே வரும், சவர்த் தண்ணியில என்ன வரப்போகுது?" என்றுதான் கேட்கிறார். அவரிடம் பிழையில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எஸ்.என். சுரேந்திரன், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எம். வினோபாபா, பேராசிரியர் ரஞ்சன் ராமசாமி ஆகியோர் அடங்கிய குழு செய்த இரண்டு ஆய்வுகள் இங்கு முக்கியமானவை. முதலாவது 2010இல் வெளிவந்தது. மட்டக்களப்பு நகருக்கு அருகே, சுனாமியால் பாதிக்கப்பட்ட இடத்திலிருந்த ஓர் உவர்நீர்நிலையில் ஆறு மாதங்களாக, இரு வாரங்களுக்கு ஒருமுறை குடம்பிகளைச் சேகரித்தார்கள். கிடைத்த 935 அனோபிலிஸ் குடம்பிகளிலிருந்து வளர்ந்த நுளம்புகளில் 661, இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் பிரதான இனத்தைச் சேர்ந்தவை. நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்று நம்பப்பட்ட இனம் அது. அங்கே ஒரு லீற்றர் நீரில் 4 கிராம் வரை உப்பு இருந்தது.

2011இல் வெளிவந்த இரண்டாவது ஆய்வு டெங்கைப் பற்றியது. லீற்றருக்கு 2 முதல் 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் டெங்கைப் பரப்பும் இரு நுளம்பு இனங்களின் குடம்பிகள் காணப்பட்டன. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு என்பதை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். அவை இருந்த இடங்கள்தான் எம்மை யோசிக்க வைக்க வேண்டும்: வீசப்பட்ட பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்கள், கைவிடப்பட்ட மீன்பிடிப் படகுகள், பாவனையில்லாத கிணறுகள்.

கைவிடப்பட்ட படகும் பாவனையில்லாத கிணறும் எப்படி வந்தன என்று எமது மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2007இல் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடும் வளவும் கிணறும் அப்படியே கிடந்தன. பலர் திரும்பினார்கள். திரும்பாதவர்களும் உண்டு. உரிமையாளர் இறந்த, காணாமல் ஆக்கப்பட்ட, வெளிநாடு போன வளவுகளில் கிணற்றை யார் மூடுவது? ஆளிருக்கும் வீட்டைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார், தேவைப்பட்டால் வழக்கும் போடுவார். ஆளில்லா வளவுக்கு அறிவித்தல் கொடுக்கக்கூட ஆளில்லை. போர் விட்டுச்சென்ற வெற்றிடம் இப்படிச் சுகாதாரப் பிரச்சினையாகவும் மாறக்கூடும்.

இதைக் கேட்டு வாவியையோ கண்டல்களையோ குற்றம் சொல்லத் தேவையில்லை. மீன் உலாவும் திறந்த நீரில் குடம்பிகளுக்கு எதிரிகள் அதிகம். மீன் நுழைய முடியாத, தேங்கி நிற்கும் நீரில்தான் கவனம் வேண்டும். அதோடு, ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இந்த வாவியின் உப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. மாரி வெள்ளம் அதை நீர்க்கச் செய்கிறது. முகத்துவாரம் திறந்தால் கடல்நீர் உள்ளே வருகிறது. கோடையில் உப்பு கூடுகிறது. எனவே எந்த மாதத்தில் எந்தக் கிணறு, எந்தக் குட்டை ஆபத்தானது என்பதைக் கொழும்பிலிருந்து வரும் பொதுவான அறிவுரையால் சொல்ல முடியாது. இங்கே அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளப்பதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு எமது நாடே பாடம். 1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளர்களே பதிவானார்கள். ஒழிந்துவிட்டது என்று கண்காணிப்பு தளர்ந்தது. 1960களின் முடிவில் நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் நோய்க்கிருமிதான் போனது, நுளம்பு போகவில்லை. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு ஒருவர் வந்தால் அதைப் பரப்ப இங்கே நுளம்பு இருக்கிறது. டெங்கோ போகவே இல்லை. 2017இல் மட்டும் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கால் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது.

நோய் வந்த பிறகு புகையடிப்பது பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். கிணற்றுக் குடம்பி மிஞ்சும். அதற்காகக் கண்டபடி மருந்து தெளித்தால் இறாலையும் மீன்குஞ்சையும் நம்பி வாழும் குடும்பங்கள்தான் முதலில் பாதிக்கப்படும். எங்கே பெருகுகிறது என்று தெரிந்தால் அந்தக் கிணற்றை வலையால் மூடலாம், அந்தத் தோணியைக் கவிழ்த்து வைக்கலாம். ஆய்வின் பயன் இதுதான். செலவு குறைகிறது, வாவியும் பிழைக்கிறது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கும் வவுணதீவுக்கும் தூரம் அதிகமில்லை. இடையில் நிற்பது மொழியும் நிர்வாகமும்தான். ஆங்கிலச் சஞ்சிகையில் வந்த முடிவுகள் தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாகவேனும் வர வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பிரதேச செயலகம், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து, ஆளில்லா வளவுகளின் கிணறுகளை ஒருமுறை எண்ணி, மாரிக்கு முன்னும் பின்னும் நீரைப் பார்த்தால் போதும். யாருடையது என்று தெரியாத கிணற்றுக்கு யார் பொறுப்பு என்பதைப் பிரதேச மட்டத்தில் எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். அடுத்த மாரிக்கு முன் செய்யக்கூடிய வேலை இது.