துலக்கிய சக்கரம்

பழைய வெள்ளி நாணயத்தைத் துலக்கினால் விலை கூடும் என்ற நம்பிக்கை திருவனந்தபுரத்திலும், 1956 வரை அதே மாநிலத்தில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஆழ வேரோடியிருக்கிறது. புளி, திருநீறு, பல்பொடி எனக் குத்துவிளக்குக்குச் செய்யும் உபசாரமெல்லாம் திருவிதாங்கூர்ச் சக்கரத்துக்கும் பணத்துக்கும் நடக்கிறது. நாணயத்துக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

திருவிதாங்கூர் ரூபாய்க்கு 7 பணம். பணத்துக்கு 4 சக்கரம். சக்கரத்துக்கு 16 காசு. வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட எடையில்லாதது. விரலுக்குள் நிற்காத அதை எண்ணுவதற்கென்றே குழிகள் வெட்டிய சக்கரப்பலகை வைத்திருந்தார்கள். அத்தனை சிறிய பொருளில் பல்பொடி போட்டுத் தேய்த்தால் போவது அழுக்கு அல்ல, முத்திரைதான்.

வெள்ளி கறுப்பது அழுக்கினால் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு மேற்பரப்பு வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்ஃபைடாகிறது. அந்தக் கறுப்பில் நாணயத்தின் சொந்த வெள்ளியும் அடங்கியிருக்கிறது. அமிலக் கரைசலில் முக்கியெடுத்தால் அதுவும் கரைந்து போகும். திருவிதாங்கூர் மன்னர்கள் மூலம் திருநாள், சித்திரைத் திருநாள் காலத்து இயந்திர அச்சு நாணயங்களில் இழப்பு இன்னும் அதிகம். அச்சு அழுத்தும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுச் செல்கிறது. நாணயத்தைச் சாய்த்தால் ஒளி சுழல்வது அவற்றால்தான். துலக்கிய நாணயமும் மின்னும்; ஆனால் புது எவர்சில்வர் தட்டைப் போல, எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மினுக்கம். போன வரிகளை எந்த மருந்தும் மீட்காது.

நாணயத்தின் நிலையை மதிப்பிடுபவர் முதலில் பார்ப்பது மேடான பகுதிகளை. அதில் பொறித்த சங்கின் முகடும் எழுத்தின் விளிம்பும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதே கேள்வி. 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோல் இன்று உலகெங்கும் வழங்குகிறது. கடுமையாகத் துலக்கிய நாணயத்துக்குத் தரநிர்ணய நிறுவனங்கள் வழக்கமான எண்தரம் தருவதில்லை; துலக்கப்பட்டது என்று குறித்து விடுகின்றன. உருப்பெருக்கியில் தெரியும் மயிரிழைக் கீறல்களே சாட்சி. நகைக்கடைக்காரருக்கோ மினுக்கம் ஒரு பொருட்டல்ல. அவர் எடை போடுகிறார், தேய்த்ததில் எடை குறைந்திருக்கிறது.

கறுப்பு இருந்தால் ஆண்டை வாசிக்க முடியாது என்று ஒரு வாதம் உண்டு. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தாலே பெரும்பாலும் எண் எழுந்து வரும். அதன்பின் கணக்குதான்: நாணயத்தில் கொல்லம் ஆண்டு 1087 என்றால் கி.பி. 1911-12. ஒப்பிட்டுப் பார்க்க நெடுமங்காட்டுக் கோயிக்கல் கொட்டாரத்தில் நாணயக் காட்சியகமே இருக்கிறது.

எல்லாச் சுத்தமும் தவறு என்பதல்ல. பி.வி.சி. உறைகளிலிருந்து படியும் பச்சைப் பிசுக்கை விட்டுவைத்தால் வெள்ளியை அரிக்கும். அதைச் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் நீக்கலாம். மண்ணிலிருந்து உப்பேறி வந்த புதையல் காசுகள் பாதுகாப்பு வல்லுநரின் வேலை. மற்றவற்றைப் பி.வி.சி. கலக்காத உறையில் ஈரம் படாமல் வைத்து, எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடித்தால் போதும்.