ஊர் கூடி இழுத்த தேர் யாருக்குச் சொந்தம்?

சம்பளம் கிடையாது. ஆனால் அனுபவம் கிடைக்கும். எழுதியவர் பெயர் வரும். ஒரே ரசனை உள்ளவர்களின் நட்பு கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு கட்டுரை எழுதினால் போதும்.

வீடியோ கேம் ரசிகர்கள் நடத்தும் இணையதளங்கள், எழுத ஆள் சேர்க்கும்போது பெரும்பாலும் இந்த வகையில்தான் அழைப்பு விடுகின்றன. அழைப்பைப் பார்த்ததும் கை தூக்குகிறவர்களில் மாணவர்கள் ஏராளம். பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்து குடியேறிய தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

ஷிப்டு முடிந்து இரவு பத்தரை மணிக்கு வீடு திரும்பும் தகப்பனார், பையன் இன்னும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். விளையாடுகிறான் என்று எண்ணி அதட்டப் போகிறார். கிட்டே போய்ப் பார்த்தால், பையன் எழுதிக் கொண்டிருக்கிறான்.

"என்னடா எழுதறே?"

"கேம் சைட்டுக்குக் கட்டுரைப்பா."

"எவ்வளவு தருவாங்க?"

"காசெல்லாம் கிடையாதுப்பா. ஒரு ஆசைக்குத்தான்."

"அதுக்கு முதலாளி யாரு?"

பல வீடுகளில் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வராது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆசைக்கு எழுதுவது தவறல்ல. யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதுவதுதான் தவறு.

விளையாட்டல்ல, உழைப்பு

வீடியோ கேம் பற்றி எழுதுவது என்றால் ஏதோ வெட்டிப் பொழுது என்று பெரியவர்கள் நினைக்கக்கூடும். அப்படியல்ல. பெரிய ஆட்டம் ஒன்றை முடிக்க ஐம்பது மணி, நூறு மணி நேரம் பிடிக்கும். சாவி எந்த அறையில் ஒளிந்திருக்கிறது, எந்த எதிரியை எந்த ஆயுதத்தால் வெல்லலாம், எந்தக் கட்டத்தில் தவறினால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும் என்பதையெல்லாம் வரிசையாக எழுத வேண்டும். அதற்காக ஒரே கட்டத்தைப் பத்து முறை, இருபது முறை ஆடிப் பார்க்க வேண்டும். குறிப்பெடுக்க வேண்டும். அட்டவணை போட வேண்டும். ஆட்டத்தைத் தயாரித்த கம்பெனி ஏதாவது மாற்றம் செய்து வெளியிட்டால், அத்தனையையும் திருத்த வேண்டும்.

ரயில்வே கால அட்டவணை தயாரிப்பதற்கு எத்தனை கவனம் வேண்டுமோ, அத்தனை கவனம் இதற்கும் வேண்டும். ஓர் எண் தவறினாலும் நம்பி வந்தவன் வழி தவறிவிடுவான். ஆகவே இது உழைப்பு. உழைப்பு என்று ஏற்றுக்கொண்டால், அதன் பலன் எங்கே போகிறது என்று கேட்பதும் நியாயம்.

ஒருவர் தொடங்கியது

1995-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஜெஃப் வீஸி என்பவர் ஓர் இணையதளம் தொடங்கினார். பின்னாளில் 'கேம்ஃபேக்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுவதும் பிரபலமானது. ரசிகர்கள் ஆங்காங்கே எழுதி வைத்திருந்த வழிகாட்டிக் குறிப்புகளை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதுதான் அவர் செய்த காரியம். எழுதியவர்கள் அனைவரும் ரசிகர்களே. ஒவ்வொரு வழிகாட்டியின் தலைப்பிலும் எழுதியவர் பெயர் இருந்தது. எழுத்தின் உரிமையும் எழுதியவருக்கே இருந்தது. இது பாராட்டத்தக்க ஏற்பாடு.

ஆனால் தளம் கைமாறிக் கொண்டே போனது. 2003-ம் ஆண்டு சிநெட் என்ற நிறுவனம் அதை வாங்கியது. 2008-ல் சிநெட்டையே சிபிஎஸ் நிறுவனம் வாங்கிற்று. 2020-ல் ரெட் வென்ச்சர்ஸ் வாங்கியது. 2022-ல் ஃபேண்டம் என்ற நிறுவனம் வாங்கியது. வீட்டை விற்கும்போது கூடவே போகும் பாத்திரம் பண்டங்களைப் போல, ரசிகர்களின் எழுத்தும் கைக்குக் கை போயிற்று.

இடம் விட்டு இடம் போனவர்கள்

ஃபேண்டம் என்ற அந்த நிறுவனத்தின் கதையும் கவனிக்கத்தக்கது. விக்கிபீடியாவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், ஏஞ்சலா பீஸ்லி என்பவருடன் சேர்ந்து 2004-ம் ஆண்டு அதைத் தொடங்கினார். விக்கிபீடியா லாப நோக்கம் இல்லாத அறக்கட்டளையைச் சேர்ந்தது. இதுவோ லாபத்துக்காக நடக்கும் வியாபாரம். பக்கங்களை எழுதுகிறவர்கள் சம்பளமில்லாத ரசிகர்கள். பக்கத்தில் ஓடும் விளம்பரத்தின் வருமானம் நிறுவனத்துக்கு.

'மைன்கிராஃப்ட்' என்ற ஆட்டத்தை அறியாத பிள்ளைகள் இன்று அபூர்வம். அதன் ரசிகர்கள் சேர்ந்து எழுதிய தகவல் களஞ்சியம், கர்ஸ் என்ற நிறுவனத்தின் 'கேம்பீடியா' தளத்தில் வளர்ந்தது. 2016-ல் கர்ஸ் நிறுவனத்தை அமேசானைச் சேர்ந்த ட்விட்ச் வாங்கியது. 2018 டிசம்பரில் கேம்பீடியா ஃபேண்டத்தின் கைக்குப் போயிற்று. எழுதிய ரசிகர்கள் ஒரு கம்பெனியின் வாசலில் நுழைந்து, நகராமலே மூன்றாவது கம்பெனிக்கு வந்து சேர்ந்தார்கள்.

விளம்பரத் தொல்லை பொறுக்காமல் 2023 செப்டம்பரில் அவர்கள் வெளியேறித் தனித் தளம் அமைத்துக் கொண்டார்கள். 'ரூன்ஸ்கேப்' ஆட்டத்தின் ரசிகர்கள் 2018-லேயே வெளியேறியிருந்தார்கள். 'செல்டா' ரசிகர்கள் 2022-ல் வெளியேறினார்கள். எழுத்தை யாரும் பெயர் குறிப்பிட்டுப் பிரதி எடுக்கலாம் என்ற பொது உரிமம் இருந்ததால், எழுதியதையெல்லாம் கையோடு எடுத்துச் செல்ல முடிந்தது.

ஆனால் அதே உரிமத்தின்படி பழைய பிரதியும் பழைய முகவரியிலேயே தங்கிவிட்டது. தேடி வருகிற புதியவர்கள் பலர் பழைய முகவரிக்கே போகிறார்கள். சொந்த எழுத்தோடு சொந்தக்காரர்களே போட்டி போட வேண்டிய நிலை.

இரண்டு வழக்குகள்

சம்பளமில்லா உழைப்பு பற்றி அமெரிக்க நீதிமன்றங்களுக்கு வந்த இரண்டு வழக்குகளைத் தெரிந்து கொள்வது நல்லது. இரண்டும் வீடியோ கேம் பற்றியவை அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான்.

அமெரிக்கா ஆன்லைன் என்ற நிறுவனம், தன் உரையாடல் அறைகளைக் கவனித்துக்கொள்ள ஆயிரக்கணக்கான தொண்டர்களை வைத்திருந்தது. பெயர்தான் தொண்டர். குறிப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும். செய்த வேலைக்கு அறிக்கை தர வேண்டும். கூலியாகக் கிடைத்தது இணையச் சலுகை மட்டும். 1999-ம் ஆண்டு முன்னாள் தொண்டர்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். தொண்டர் என்ற பெயரில் தங்களை ஊழியர்களைப் போல நடத்தியதாகச் சொன்னார்கள். பல ஆண்டுகள் இழுத்த வழக்கு, 2010-ல் 1.5 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

இரண்டாவது, ஹஃபிங்டன் போஸ்ட் வழக்கு. அந்த இணையப் பத்திரிகையில் ஏராளமானோர் பணம் வாங்காமல் எழுதினார்கள். 2011 பிப்ரவரியில் பத்திரிகை 31.5 கோடி டாலருக்கு விலை போயிற்று. வாங்கியது, மேலே சொன்ன அதே அமெரிக்கா ஆன்லைன்தான். எழுதியவர்களுக்கு ஒரு காசும் வரவில்லை. பங்கு கேட்டு அதே ஆண்டு ஏப்ரலில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2012-ல் வழக்குத் தள்ளுபடியானது. பணம் கிடைக்காது என்று தெரிந்துதானே எழுதினார்கள் என்பதே நீதிமன்றத்தின் கருத்து.

ஆக, மனக்குறை வேறு, சட்டம் வேறு. எழுதி முடித்து, தளம் விற்றுப்போன பிறகு வருந்துவதில் பயனில்லை. பேச வேண்டியதை முதல் கட்டுரைக்கு முன்பே பேச வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

இந்தியாவில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. உத்தியோகத்தின் பகுதியாக எழுதியது போன்ற சில இனங்கள் நீங்கலாக, எழுதியவரே எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பம் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால், ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். தான் எழுதியது என்று உரிமை கோருவதற்கும் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்து கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது.

ஆட்டத்தின் படங்களும் பாத்திரங்களும் கம்பெனிக்குச் சொந்தம் என்பது உண்மை. ஆனால் பையன் உட்கார்ந்து எழுதிய வாக்கியம் பையனுடையது. இது அவனுக்கும் தெரியாது, பல நேரங்களில் அவனைச் சேர்க்கும் தளத்துக்கும் தெரியாது.

தொண்டு நம் மரபுதான்

சம்பளமின்றி எழுதுவதே கூடாது என்று சொல்வதும் சரியல்ல. வெளி மாநிலங்களில் தமிழ்ச் சங்கங்கள் வளர்ந்தது தொண்டால்தான். பகலில் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் நூலகத்தைத் திறந்து புத்தகம் அடுக்கியவர்கள் யாரும் சம்பளம் கேட்கவில்லை. 1998-ம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்', பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியதும் தொண்டர்கள் தட்டச்சு செய்து கொடுத்ததால்தான்.

அங்கே தேர் ஊருக்குச் சொந்தம். இழுத்தவர்களும் ஊர்க்காரர்கள். திருவிழா முடிந்தால் தேர் நிலைக்கு வந்துவிடும். ஆகவே யாருக்கும் மனக்குறை இல்லை. ஊர் கூடி இழுத்த தேரை ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் விட்டுக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வசூலித்தால்தான் வம்பு.

வீடியோ கேம் உலகத்திலும் நல்ல உதாரணம் இல்லாமல் இல்லை. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' ஆட்ட வரிசைக்காக 1995-ம் ஆண்டு தொடங்கிய ரசிகர் தளம், பெரிய கம்பெனி எதற்கும் போகாமல் ரசிகர்கள் கையிலேயே இருந்து வருகிறது. நின்டென்டோ ஆட்டங்களின் ரசிகர் தளங்கள் பல 2010-ல் தங்களுக்குள் ஒரு கூட்டணி அமைத்துக் கொண்டன. தனித்து நிற்பது கடினம். கூடி நின்றால் முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்.

கேட்டுவிட்டு எழுதட்டும்

எழுத முன்வரும் இளைஞர்கள் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். தளம் யாருடையது? விளம்பர வருமானம் உண்டா, அது எதற்குச் செலவாகிறது? கட்டுரையில் பெயர் வருமா? அதே கட்டுரையை வேறு இடத்திலும் வெளியிடலாமா? விலகும்போது எழுதியதை எடுத்துக்கொள்ளலாமா? தளம் விற்கப்பட்டால் முன்கூட்டிச் சொல்வார்களா?

வாரம் இத்தனை கட்டுரை, இன்ன நேரத்துக்குள் வர வேண்டும் என்று கண்டிப்புக் காட்டினால் அது தொண்டு அல்ல, உத்தியோகம். உத்தியோகத்துக்குச் சம்பளம் உண்டு. சேருவதற்குக் கட்டணம் கேட்டாலோ, ஆதார் அட்டையின் நகல் கேட்டாலோ அந்தப் பக்கமே போகக் கூடாது.

தளம் நடத்துகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அவர்களில் பலர் கைக்காசு போட்டு நடத்தும் மாணவர்கள். ஏமாற்றும் நோக்கம் இல்லாதவர்கள். அப்படியானால் மேலே சொன்ன கேள்விகளுக்கான பதிலை ஆள் சேர்க்கும் அறிவிப்பிலேயே போட்டுவிடலாமே! அரைப் பக்கம் போதும். நல்ல எழுத்தாளர்கள் அந்த அரைப் பக்கத்தைப் பார்த்துத்தான் வருவார்கள்; வந்தவர்களும் நிலைப்பார்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான். கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லி அதட்டுவதற்கு முன், பையன் எழுதியதை ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். எழுத்துப் பழக்கம் வீண் போகாது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தளத்தின் விதிமுறைகளை இருவருமாகச் சேர்ந்து படிக்கட்டும். கூலி வாங்காமல் உழைப்பது பெருந்தன்மை. ஆனால் ரசீது இல்லாமல் சாமானை ஒப்படைக்கும் பழக்கம், உழைத்துப் பிழைக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம்.