பள்ளி வாயிலை வரைவோர் யார்?

பினாங்கின் பழைய ஓவியங்களுள் பெரும்புகழ் பெற்றவை கேப்டன் ராபர்ட் ஸ்மித் தீட்டியவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக இத்தீவில் பணிபுரிந்த அவர் வரைந்த காட்சிகளுள் பத்தினை, வில்லியம் டேனியல் என்பார் அச்சுப் படங்களாக்கி 1821ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவற்றுள் அருவி உண்டு. சஃபோக் மாளிகை உண்டு. குளுகோர் மாளிகையும் அதனைச் சூழ்ந்த வாசனைப் பயிர்த் தோட்டமும் உண்டு. ஓங்கி வளர்ந்த ஒரு தனி மரமும் உண்டு. பள்ளிக்கூடம் இல்லை.

இது நமக்கு வியப்பளிக்கிறது. ஜார்ஜ் டவுன் ஃபார்க்குவார் தெருவில் 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டிய பொறியாளரும் அவரேயாவார். அதற்கு முன்பே, 1816 அக்டோபர் 21ஆம் நாள், ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் பினாங்கு ஃப்ரீ பள்ளி பிறந்துவிட்டது. இனம், சமயம் பாராது எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்த பள்ளி என்பதே அப்பெயரின் பொருள். அதனோடு இணைந்து நடந்த தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டு விழா எடுத்தோம். ஆயினும் அவ்வகுப்பிற்குச் சென்ற ஒரு தமிழ்ச் சிறுவனையேனும் அப்பத்துப் படங்களில் காண முடியாது.

ஓவியரைக் குறை கூறிப் பயனில்லை. படத்தை விலை கொடுத்து வாங்குவோர் எதனை விரும்புவரோ அதுவே படமாகும். மாளிகைக்கு அக்காலத்தில் விலை இருந்தது. பள்ளி வாயிலுக்கு இல்லை.

பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. ஃபார்க்குவார் தெருவில் பல்லாண்டு நடந்த அப்பள்ளி 1928இல் கிரீன் லேனுக்குப் பெயர்ந்தது. பழைய கட்டடத்தின் ஒரு பகுதி இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சுக்கு இரையாயிற்று. எஞ்சிய பகுதி 1965இல் மாநில அருங்காட்சியகமாயிற்று. பள்ளியை வரையாத ஸ்மித்தின் வண்ண ஓவியங்கள் அப்பள்ளிச் சுவர்களிலேயே இடம் பெற்றன!

நகரத்துப் பெரும்பள்ளிக்கே இந்நிலையென்றால், தோட்டத்துப் பள்ளிகளை என்னென்பது? பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டுமென்று கூட்டு மலாய் மாநிலங்களில் 1912இல் சட்டம் வந்தது. லயத்தின் ஓரத்தில் ஓர் அறை, கிராணியோ கங்காணியோ ஆசிரியர் என்ற அளவில் நடந்தவை பல. தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது பள்ளிகள் வேறிடம் பெயர்ந்தன. பெயர் உடன் போயிற்று. வாயில் உடன் போகவில்லை.

கைத்தொலைபேசியில் நொடியில் படம் எடுக்கலாமே, ஓவியம் எதற்கு என்பர் சிலர். அப்படங்களைப் புரட்டிப் பாருங்கள். திறப்பு விழாவும் மாலையும் பிரமுகரும் இருப்பர். மழைநாளில் தாயின் குடைக்குள் ஒதுங்கி வாயிலைக் கடக்கும் பிள்ளை இருக்கமாட்டான். மேலும், வரைபவன் பார்த்தே தீர வேண்டும். இரும்புக் கதவில் எத்தனை கம்பிகள் என்று எண்ணாமல் அதனை எழுத இயலாது.

ஆதலின் மாணவச் செல்வங்களே, ஓவியப் பாட வேளை ஒன்றில், ஆசிரியர் உடனிருக்க, நம் பள்ளி வாயிலை எதிரில் அமர்ந்து வரையுங்கள். பெற்றோர்களே, மூடப்பட்ட தோட்டத்துப் பள்ளியில் பயின்றவர் உங்களுள் பலர். வாயிலில் நின்றது எம்மரம், மணியாகத் தொங்கியது தண்டவாளத் துண்டா, பெரட்டுக்களம் எத்திசையில் இருந்தது என்பதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வரையட்டும். ஆண்டுதோறும் இம்மலரில் ஒரு பக்கத்தை அதற்கென ஒதுக்க வேண்டுமென்பது நம் கருத்து. வண்ணம் வேண்டியதில்லை, கரிக்கோல் போதும். தாளின் பின்புறம் பள்ளியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுத மறவாதீர்கள்.